தெருவின் முதல் பக்கம்

(நகர்த் தூய்மை நாளுக்கு முந்தைய வாரம், கிளை நூலக வாசகர் வட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் என் பேச்சுக்கு இரண்டு தலைப்பு இருக்கிறது. செய்தித்தாளை வைத்துக் கலைக் குறிப்பேட்டில் ஒரு பக்கம் செய்வது எப்படி என்பது ஒன்று. வரும் ஞாயிற்றுக்கிழமை நம் நகரைச் சுத்தம் செய்யப்போவது இன்னொன்று. அச்சகத்தில் இரண்டு கூட்டத்து நோட்டீஸைக் கலந்து அடித்துவிட்டார்களா என்று வாசலில் ஒரு நண்பர் கேட்டார். இல்லை. சேர்த்துப் போடச் சொன்னதே நான்தான். தனித்தனியாகச் செய்தால் இரண்டும் பாதி வேலை என்பது என் கட்சி. பொறுக்கியது என்னவென்று எழுதிவைக்காத தூய்மை நாள் அடுத்த ஞாயிறுக்குள் எல்லோருக்கும் மறந்துவிடும். செய்தியே இல்லாத செய்தித்தாள் பக்கமோ, எவ்வளவு அழகாக ஒட்டினாலும், வெறும் அலங்காரம். ஞாயிறு காலை தெருவில் கிடைப்பது அன்று மாலை உங்கள் குறிப்பேட்டில் செய்தியாக ஏறவேண்டும். இதைச் சொல்லத்தான் வந்தேன்.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்றால், நான் ஒரு நாளிதழில் பக்கம் கட்டும் பிரிவில் காலம் தள்ளியவன். ‘பக்கம் கட்டுவது’ என்பதை இப்போதைய பிள்ளைகள் கணினியில் பார்த்திருப்பீர்கள். நாங்கள் அதைக் கையால் செய்தோம். செய்தி, பத்தி அகலத்துக்கு அடிக்கப்பட்டு புரோமைடு தாளில் நீள நீளமாக வரும். அதை பிளேடால் நறுக்கி, பின்னால் பசை தடவி, கோடு போட்ட பெரிய அட்டையில் ஒட்டுவோம். படத்துக்கு இடம் விடுவோம். கடைசி நேரத்தில் ஒரு விபத்துச் செய்தி வந்தால் ஏதாவது ஒரு திறப்பு விழாவின் கடைசி இரண்டு பத்தி பிளேடுக்குப் பலியாகும். பிறகு அந்த அட்டையைப் படம் பிடித்து, தகடு எடுத்து, எந்திரத்துக்கு அனுப்புவார்கள். அதாவது, நேற்றைய செய்தித்தாளே வெட்டி ஒட்டிய பக்கம்தான். அதை மறுபடி வெட்டி நோட்டுப் புத்தகத்தில் ஒட்டுவது ஒன்றும் புதுமை இல்லை. தாய்வீட்டுக்கு அழைத்துப் போவதுதான்.

ஓவியர்கள் இதைக் கண்டுகொண்டது 1912-ல். பிராக், பிக்காசோ இருவரும் அந்த ஆண்டு ஓவியத்தில் தாளை ஒட்டத் தொடங்கினார்கள். பிராக் ஒட்டியது மரத்தைப் போல அச்சிட்ட சுவர்த்தாள். பிக்காசோ செய்தித்தாளுக்குப் போனார். நவம்பர் மாதம் அவர் செய்த ஒரு படத்தில் ஒரு கிதார், ஒரு கோப்பை, ஓர் இசைத்தாள். கீழே ‘லெ ஷூர்னால்’ என்ற நாளிதழின் துண்டு. அப்போது பால்கன் போர் நடந்துகொண்டிருந்தது. சண்டை மூண்டுவிட்டது என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. எந்த ஊரில், எந்த முனையில் என்று சொல்லும் பகுதியை பிக்காசோ வெட்டிவிட்டார். ஊர்ப்பெயர் போனதும் அது எந்தச் சண்டையாகவும் ஆகிவிட்டது. ஓவியத்துக்குள் நடக்கும் சண்டையாகக்கூட அதைப் படிப்பவர்கள் உண்டு. ஓர் உதவி ஆசிரியன் தலைப்பைக் குறைப்பதற்கும் ஓவியர் குறைப்பதற்கும் உள்ள வித்தியாசம் எனக்கு அங்கேதான் பிடிபட்டது. நாங்கள் இடம் போதாமல் வெட்டுவோம். அவர் இடம் உண்டாக்க வெட்டியிருக்கிறார்.

ஆனால் நம் ஞாயிற்றுக்கிழமைக்கு உற்ற துணை பிக்காசோ இல்லை. கர்ட் ஷ்விட்டர்ஸ் என்று ஒருவர். ஜெர்மனியின் ஹானோவர் நகரத்துக்காரர், 1887-ல் பிறந்தவர். முதல் உலகப்போர் முடிந்து, நாடு தோற்று, எல்லாம் உடைந்து கிடந்த நேரம். இவர் தெருவில் குனிந்து பொறுக்க ஆரம்பித்தார். டிராம் வண்டி டிக்கெட், மிட்டாய்க் காகிதம், தபால் முத்திரை, செய்தித்தாள் கிழிசல், கம்பி, உடைந்த சக்கரம் என்று மற்றவர்கள் மிதித்துப் போனதையெல்லாம் வீட்டுக்குக் கொண்டுவந்து அடுக்கி ஒட்டினார். 1919-லிருந்து இந்த வகைப் படைப்புகள் எல்லாவற்றுக்கும் ‘மெர்ஸ்’ என்று ஒரே பெயர். அந்தப் பெயரும் பொறுக்கியதுதான். ஒரு வங்கி விளம்பரத்தைக் கத்தரித்தபோது மிஞ்சிய நான்கு எழுத்து.

இவரைக் கிறுக்கர் என்று நினைத்துவிடாதீர்கள். பிழைப்புக்கு விளம்பரமும் அச்சு வடிவமைப்பும் செய்தவர். ஹானோவர் மாநகராட்சியின் படிவங்கள், கடிதத் தாள்கள் எல்லாம் சில ஆண்டுகள் அவர் வடிவமைப்பில்தான் வந்தன. எழுத்துரு, பத்தி, இடைவெளி எல்லாம் கைவந்த மனிதர் என்பதால்தான் அவருடைய குப்பைப் படங்கள் குப்பையாகத் தெரியவில்லை. ஒரு டிக்கெட் எங்கே நிற்கவேண்டும், எந்தக் கோணத்தில் சாயவேண்டும் என்பதில் ஒரு கணக்கு இருக்கிறது. பிள்ளைகள் இதைக் கவனிக்கவேண்டும். கிடைத்ததையெல்லாம் ஒட்டுவது கலை ஆகாது. நான் பார்க்கும் கலைக் குறிப்பேடுகளில் பாதி, பசை தீரும்வரை ஒட்டியவை.

நாஜிகள் வந்ததும் அவர் படங்களை இழிந்த கலை என்று சொல்லி 1937-ல் மியூனிக் கண்காட்சியில் கேலிக்கு வைத்தார்கள். அதே ஆண்டு அவர் நார்வேக்குப் போய்விட்டார். அங்கேயும் ஜெர்மன் படை வந்தபோது, 1940-ல், பிரிட்டனுக்குத் தப்பினார். ஜெர்மானியர் என்பதால் அங்கே மேன் தீவு முகாமில் அடைத்தார்கள். முகாமிலும் கை சும்மா இருக்கவில்லை. சாப்பிடக் கொடுத்த ஓட்ஸ் கஞ்சியை வைத்துச் சிற்பம் செய்தார். ஹானோவர் வீட்டில் அறை அறையாக அவர் கட்டி வளர்த்த பெரும் படைப்பு 1943-ல் குண்டுவீச்சில் போய்விட்டது. 1948-ல் இங்கிலாந்தில் இறந்தார். கடைசி ஆண்டுகளில் ஒட்டிய படங்களில் ஆங்கிலப் பத்திரிகைத் துண்டுகளும் பொட்டலத் தாள்களும் இருக்கின்றன. எந்த ஊருக்குப் போனாரோ அந்த ஊர்க் குப்பை. அவர் எங்கே எப்போது வாழ்ந்தார் என்பதை அந்தப் படங்களை வைத்தே சொல்லிவிடலாம்.

நம் பக்கத்திலும் அப்படி ஒருவர் இருந்தார். கோட்டையூர் ரோஜா முத்தையா. பெயர்ப்பலகை எழுதும் ஓவியர். நூல்கள், பழைய இதழ்கள் மட்டுமல்ல, நாடக நோட்டீஸ், அழைப்பிதழ் என்று எடைக்குப் போயிருக்கவேண்டிய தாள்களையும் சேர்த்தார். 1992-ல் அவர் மறைந்த பிறகு அந்தச் சேகரிப்பை சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, அது சென்னையிலேயே ஆராய்ச்சி நூலகமாக நிலைத்தது. தமிழ் அச்சு வரலாறு எழுதுபவர்கள் அங்கே போகாமல் இருக்கமுடியாது. ஒட்டத்தான் இல்லை, பொறுக்குவதில் ஷ்விட்டர்ஸுக்கு அண்ணன்.

சரி, கைவேலைக்கு வருவோம். தாளைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் பாதிச் சிக்கல் தீர்ந்தது. ஒரு முழு நாளிதழ்த் தாளை மேலிருந்து கீழாகக் கிழித்துப் பாருங்கள். அளவுகோல் வைத்ததுபோல நேராக வரும். இடமிருந்து வலமாகக் கிழியுங்கள், கோணல்மாணலாக ஓடும். தாள் செய்யும் எந்திரம் ஓடுகிற திசையில் நார்கள் படுத்துக்கொள்வதால் வருவது இது. நேரான பத்தி வேண்டுமா, நார் போகிற வழியில் கிழியுங்கள். மலைத்தொடர் மாதிரி ஓரம் வேண்டுமா, குறுக்கே கிழியுங்கள். கத்தரிக்கோலே தேவையில்லை. பசை பட்டதும் இந்த நார்கள் அகலவாட்டில் உப்பும். அதனால்தான் ஒட்டிய தாள் சுருங்கி அலை அலையாக நிற்கிறது. பசையை மெல்லிசாக, தாளின் மேல் இல்லாமல் குறிப்பேட்டின் மேல் தடவி, துண்டை வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்குத் துணியால் நீவிவிடுங்கள்.

எந்தப் பசை? சுவரொட்டிக்காரர்கள் மைதா காய்ச்சுவார்கள். புத்தகம் கட்டுபவர்கள் பூச்சி வராமலிருக்க அதில் மயில்துத்தம் போடுவதுண்டு. மயில்துத்தம் விஷம், பிள்ளைகள் பக்கத்திலேயே வேண்டாம். துத்தம் இல்லாத மைதாப் பசையோ, ஆறு மாதத்தில் பூச்சிக்கு விருந்து. கடையில் விற்கும் வெள்ளைப் பசையில் கொஞ்சம் தண்ணீர் கலந்தால் போதும். எழுத்து ரொம்பத் துருத்திக்கொண்டு தெரிந்தால், காய்ந்த பிறகு அதன்மேல் வெள்ளை அக்ரிலிக்கை நீர்க்கக் கரைத்து ஒரு பூச்சு கொடுங்கள். எழுத்து பின்னால் போய்விடும். அதன்மேல் நீங்கள் எழுதலாம், வரையலாம்.

இன்னொன்று, செய்தித்தாள் மஞ்சளாகும். வெயிலில் வைத்தால் ஒரே வாரத்தில் ஆகும். மரத்தையோ சக்கையையோ அரைத்துச் செய்யும் மலிவுக் கூழில் லிக்னின் என்ற பொருள் அப்படியே தங்கிவிடுகிறது. காற்றும் வெளிச்சமும் அதைப் பழுப்பாக்குகின்றன. பிக்காசோவின் துண்டுகளே இன்று பழுப்புதான். எனக்கு அந்த நிறம் பிடிக்கும், கெடுதலாக நினைப்பதில்லை. பிடிக்காதவர்கள் ஜெராக்ஸ் கடையில் நல்ல தாளில் ஒரு நகல் எடுத்து அதைக் கிழித்து ஒட்டலாம்.

சக்கை என்றேன். கரூர் பக்கம் போனவர்கள் காகிதபுரத்தைப் பார்த்திருப்பீர்கள். தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனத்தை அரசு 1979-ல் தொடங்கியது. 1984-ல் உற்பத்தி ஆரம்பம், ஆண்டுக்குத் தொண்ணூறாயிரம் டன் அளவில். கரும்பு பிழிந்து மிஞ்சிய சக்கையிலிருந்து செய்தித்தாள் காகிதம் செய்வது அப்போது அதன் அடிப்படை. காட்டு மரத்தைப் பெரிதும் நம்பாமல் ஆலைக் கழிவில் காகிதம். அந்தக் காலத்தில் நாம் படித்த செய்தியில் பலதும் ஏற்கெனவே ஒருமுறை சர்க்கரை கொடுத்துவிட்டு வந்த தாளில் அச்சானதுதான். படித்த பிறகும் அது ஓயவில்லை. அலமாரிக்கு விரிப்பு, பாடப்புத்தகத்துக்கு அட்டை, பிறகு பழைய பேப்பர் கடை, மறுபடி கூழ். இப்படி ஐந்தாறு சுற்று போகும், அதற்குள் நார் குட்டையாகிவிடும். பஜ்ஜி மடிப்பது மட்டும் வேண்டாம். அச்சு மை உணவில் இறங்கும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-லேயே எச்சரித்து, 2023-ல் திரும்பவும் சொன்னது. பஜ்ஜிக் கடைக்காரர் காதில் அது இன்னும் விழவில்லை.

இனி தெரு. தூய்மை நாள் என்றதும் நமக்கு நினைவு வருவது என்ன? ஒரு ஃபிளெக்ஸ் பேனர், பத்துப் பன்னிரண்டு புதுத் துடைப்பம், அதைப் பிடித்துக்கொண்டு ஒரு புகைப்படம். ஏற்கெனவே கூட்டிய இடத்தைத் திரும்பக் கூட்டுவதும் உண்டு. கோபித்துக்கொள்ளாதீர்கள், குடியிருப்போர் நலச் சங்கத்துப் பெரியவர்கள் சிரிக்கிறார்கள், அதனால் தைரியமாகச் சொல்கிறேன். வரும் ஞாயிறு நமக்கு ஃபிளெக்ஸ் வேண்டாம். அதையும் திங்கட்கிழமை யாராவது அள்ளவேண்டும்.

இதை வேறு மாதிரி செய்தவர்கள் இருக்கிறார்கள். 1986 செப்டம்பரில் அமெரிக்காவின் டெக்சாஸ் கடற்கரையில் லிண்டா மாரனிஸ், கேத்தி ஓஹாரா என்ற இரண்டு பெண்கள் ஒரு தூய்மை நாள் ஏற்பாடு செய்தார்கள். ஏறத்தாழ 2,800 பேர் வந்தார்கள். 122 மைல் கரையில் 124 டன் குப்பை. எண்ணைக் கேட்டு வியக்கவேண்டாம், அதைவிடப் பெரிய கூட்டங்கள் பிறகு வந்துவிட்டன. 2008 மே 3 அன்று எஸ்டோனியாவில் ஐம்பதாயிரம் பேர் இறங்கிப் பத்தாயிரம் டன் அள்ளினார்கள். நாட்டின் மக்களில் நூற்றுக்கு நான்கு பேர். அதிலிருந்து கிளைத்த இயக்கம்தான் வளர்ந்து, செப்டம்பர் 20-ஐ உலகத் தூய்மை நாளாக ஐ.நா. பொதுச்சபை 2023-ல் அறிவிக்கும்வரை வந்தது. டெக்சாஸ்காரர்கள் செய்ததில் எனக்குப் பிடித்தது வேறு. வந்தவர்கள் கையில் பையோடு ஓர் அட்டையும் கொடுத்தார்கள். என்ன பொருள், எத்தனை என்று ஒவ்வொன்றையும் அதில் குறிக்கவேண்டும்.

குறித்ததால் என்ன ஆயிற்று? அந்தக் கரையில் கிடந்தது சுற்றுலா வந்தவர்கள் போட்டது மட்டும் இல்லை என்பது தெரிந்தது. கப்பல்களிலிருந்து கடலில் கொட்டியதும் ஒதுங்கியிருந்தது. கப்பல்கள் கடலில் பிளாஸ்டிக்கைக் கொட்டத் தடை செய்யும் பன்னாட்டு ஒப்பந்தப் பிரிவு ஒன்றை அமெரிக்கா 1987-ல் ஏற்றுக்கொண்டது. 1988 டிசம்பர் 31-ல் அது நடைமுறைக்கு வந்தது. அதற்காக வாதாடியவர்களின் கையில் இருந்த ஆதாரங்களில் இந்த அட்டைகளும் உண்டு. எழுதாமல் அள்ளிப் போயிருந்தால், கரை ஒரு வாரம் சுத்தமாக இருந்திருக்கும், அவ்வளவுதான்.

அந்த அட்டை பல நாட்டுக் கரைகளுக்குப் போய் இன்றுவரை புழங்குகிறது. பல ஆண்டுகள் முதலிடம் சிகரெட் துண்டுக்குத்தான். அதன் வடிகட்டி பஞ்சு என்று நினைக்கிறோம், அது செல்லுலோஸ் அசிடேட் என்ற பிளாஸ்டிக். 2019-ல் தின்பண்ட உறை அதை முந்தியது. பக்கம் கட்டியவன் கண்ணுக்கு இதுவே முதல் பக்கச் செய்தி.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை ஐந்து பேருக்கு ஒரு குழு. நான்கு பேர் எடுப்பார்கள், ஒருவர் எழுதுவார். எழுதுபவர் கையை அழுக்காக்கமாட்டேன் என்கிற ஆளாக இருக்கக்கூடாது. அரை மணிக்கொருமுறை மாறிக்கொள்ளுங்கள். என்ன பொருள், எத்தனை, எந்த இடத்தில். இடம் முக்கியம். டீக்கடைக்கு எதிரில் நூறு கப் கிடந்தால் அது கடைக்காரரிடம் பேசவேண்டிய விஷயம். பள்ளிக்கூட மதிலோரம் ஷாம்பூ உறை குவிந்திருந்தால் அங்கே எங்கிருந்தோ தண்ணீர் அடித்துக்கொண்டு வந்து சேர்க்கிறது என்று அர்த்தம், மழைநீர் வடிகாலைப் பார்க்கவேண்டும். பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்ட பதினான்கு பொருள்களில் ஒன்று. எத்தனை கிடைக்கிறது பாருங்கள். தடை வந்த பிறகும் நம் தெருவில் இவ்வளவு என்று தேதி போட்டுக் காட்டினால், மனு எழுதுவதைவிட அதற்குக் கனம் அதிகம்.

நம் தெருவில் தினமும் வரும் தூய்மைப் பணியாளர் அக்காவை முந்தின நாளே கேட்டுவிடுங்கள். எந்த முனையில் எந்தக் கிழமை என்ன குவியும் என்று அவருக்குத் தெரிந்த அளவுக்கு நம்மில் யாருக்கும் தெரியாது. நாம் அள்ளி மூட்டை கட்டித் தெருமுனையில் வைத்துவிட்டுக் காபி குடிக்கப் போய்விட்டால் அவருக்கு ஒரு நாள் வேலை இரட்டிப்பு. மக்குவது, மக்காதது, அபாயமானது என்று மூன்றாகப் பிரித்தே கொடுக்கவேண்டும். 2016-ன் திடக்கழிவு மேலாண்மை விதி வீட்டுக்குச் சொன்னதும் அதைத்தான். கையுறை இல்லாமல் யாரும் குனியவேண்டாம். கண்ணாடிச் சில்லு, ஊசி தென்பட்டால் பிள்ளைகள் தொடாமல் பெரியவர்களைக் கூப்பிடுங்கள். சாக்கடைக்குள் யாரும் இறங்கக்கூடாது. இளநீர்க் கூட்டில் தண்ணீர் தேங்கியிருந்தால் முதலில் கவிழ்த்துவிடுங்கள், கொசுப்புழு இருக்கும், எண்ணிக்கை அப்புறம்.

மாலையில் பக்கம். மேலே உங்கள் பத்திரிகைக்கு ஒரு பெயர், தேதி, ஊர், தெருப் பெயர். விலை போட்டால் எனக்குப் பிடிக்கும். பின்னணிக்கு அன்றைய செய்தித்தாளைக் கிழித்து ஒட்டி, சொன்னபடி வெள்ளை கொடுங்கள். அன்றைய தாளையே எடுங்கள். உலகத்தில் அன்று என்ன நடந்தது என்பது மங்கலாகப் பின்னால் தெரியவேண்டும், முன்னால் நம் தெரு. பக்கத்தை நான்கு பத்தியாகப் பென்சிலில் பிரித்துக்கொள்ளுங்கள். எது அதிகமாகக் கிடைத்ததோ அது கொட்டை எழுத்தில் தலைப்பு. தலைப்புக்கு நாளிதழ் எழுத்துகளையே வெட்டி எடுத்து ஒட்டலாம், மிரட்டல் கடிதம் மாதிரி இருந்தாலும் பரவாயில்லை. ஆச்சரியமான ஒரு பொருள் கிடைத்தால் அது பெட்டிச் செய்தி, சுற்றிக் கோடு கட்டுங்கள். வரி விளம்பரத்துக்கு ஓரத்தில் இடம் விடுங்கள். ‘ஒற்றைச் செருப்பு, இடது கால், மூன்றாம் குறுக்குத் தெருவில் காத்திருக்கிறது. வலது கால் உடனே தொடர்புகொள்ளவும்.’ இந்த மாதிரி. பிள்ளைகளுக்கு இதில் என்னைவிடக் கை ஓடும்.

பொறுக்கியதை அப்படியே ஒட்டவேண்டாம். உறைகளைக் கழுவி, நிழலில் காயவைத்து, ஓர் ஓரம் மட்டும் வெட்டி ஒட்டலாம். மற்றதை வரையுங்கள். நசுங்கிய கப்பைப் பார்த்து வரைவது பூச்சாடியைப் பார்த்து வரைவதைவிடக் கடினம், நல்ல பயிற்சி. இன்னொரு கட்டுப்பாடும் உண்டு, இது பத்திரிகைக்காரனாகச் சொல்வது. குப்பையில் மருந்துச் சீட்டு வரும், வங்கித் துண்டு வரும், யாரோ யாருக்கோ எழுதிய கடிதம் வரும். பெயர், கைபேசி எண், முகவரி எதுவும் பக்கத்தில் ஏறக்கூடாது. எந்த வீட்டு வாசலில் கிடந்தது என்றும் எழுதக்கூடாது. பக்கத்து மின்கம்பத்தின் எண் போதும். ஒரு வீட்டைக் குற்றம் சாட்டப் பக்கம் செய்தால் அடுத்த முறை அந்த வீட்டிலிருந்து யாரும் வரமாட்டார்கள்.

எண்ணிக்கைத் தாளையும் பக்கத்தின் பின்புறம் பிரதி எடுத்து எழுதிவிடுங்கள். படம் நன்றாக வராதவர்கள் கவலைப்படவேண்டாம், பின்புறம் சரியாக இருந்தால் அந்தப் பக்கம் அச்சுக்குத் தகுதி என்றுதான் நான் முத்திரை போடுவேன். மூன்று மாதம் கழித்து மறுபடி ஒரு ஞாயிறு, அதே தெரு, அதே கம்பங்கள். இரண்டு பின்புறத்தையும் பக்கத்தில் வைத்து, கூடியது குறைந்தது பார்க்கலாம். மாநகராட்சி வார்டு அலுவலகத்துக்குப் போகும்போது சங்கத்தினர் இந்த இரண்டையும் எடுத்துப் போகட்டும், ஃபிளெக்ஸுக்கு ஒதுக்கிய பணத்தில் கலர் நகல் எடுத்துக்கொள்ளலாம்.

காலை ஆறு மணிக்கு நூலக வாசலில் கூடுகிறோம். கையுறையும் சாக்கும் சங்கம் தரும். தண்ணீர் பாட்டில் அவரவர் வீட்டிலிருந்து. பக்கங்கள் செவ்வாய் மாலைக்குள் நூலகர் அம்மா மேசைக்கு வந்துவிடவேண்டும், அதற்குமேல் வந்தால் மறுநாள் பதிப்பு. பசை காய்வதற்குள் குறிப்பேட்டை மூடிவிடாதீர்கள், நடுவில் ஒரு பிளாஸ்டிக் தாள் வையுங்கள். அதற்குக் கடையில் புதிதாக வாங்கவேண்டாம். ஞாயிறு மதியத்துக்குள் உங்கள் கையில் வேண்டிய அளவு இருக்கும், கழுவிக்கொள்ளுங்கள்.